சிட்டு, தேடுங்க

1

என் மகள் நிலா கோடை விடுமுறையைப் பற்றிப் பள்ளியில் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்திருந்தாள். ஸ்வீடிஷ் மொழியில்தான். ஆசிரியை அதில் ஒரே ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டு, "இது புரியவில்லை, விளக்கவும்" என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார். அந்த வரி இது: "என் மாமா வீட்டு நாய்க்கு மரியாதையான தமிழ் மட்டும்தான் புரியும்."

இதை எப்படி விளக்குவது என்று நிலா என்னிடம் கேட்டாள். அரைமணி நேரம் யோசித்தும் எனக்கு வரவில்லை. இந்த நாட்டில் எல்லாரும் எல்லாரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுகிறார்கள். டாக்டர் நீ, பள்ளி முதல்வர் நீ, நாட்டின் பிரதமரே எதிரில் வந்தாலும் நீதான். கோத்தன்பர்க் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பழைய பாடப்புத்தகத்தில் படித்திருந்த 'நீங்கள்' என்ற சொல்லை எடுத்து என் அதிகாரியிடம் பேசினேன். அவர் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். வேறு யாரோ கூட வந்து நிற்கிறார்கள் என்று நினைத்துவிட்டாராம்.

நாங்கள் இங்கே வந்து இந்த மாதத்தோடு பதினெட்டு வருடம் முடிகிறது. வருடா வருடம் அந்த நாளில் நானும் கணவரும் இங்கேயே இருந்துவிடுவதா, திரும்பிப் போவதா என்று ஒரு தடவை பேசிக்கொள்வோம். முடிவு எதுவும் எடுக்காமல் எழுந்துவிடுவோம். இந்த வருடம் அந்தப் பேச்சே எழவில்லை. சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் மதுரை ஆனையூரில் இருக்கும் ஒரு நாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். நிலாவின் ஆசிரியைக்குச் சொல்ல முடியாததை உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கு 'ங்க' என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை.

2

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நாய் என்றால் பயம்.

நாங்கள் பேரையூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் கரிசல் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். எங்களுக்கென்று ஒரு செண்டு நிலம் கிடையாது. காட்டுக்காரர் வீட்டில் இரண்டு நாய்கள் இருந்தன. ஊரில் யார் போனாலும் படுத்துக் கிடக்கும். எங்கள் தெருவிலிருந்து யாராவது அந்த வாசல் பக்கம் போனால் மட்டும் எழுந்து வரும். நாய்க்கு மோப்பத்திலேயே ஆளின் தெரு தெரிந்துவிடும் என்று பிள்ளைகள் நாங்கள் உண்மையாகவே நம்பினோம். அந்த வீட்டுப் பத்து வயதுப் பையன் என் அப்பாவை 'டேய்' என்று கூப்பிடுவான். அப்பா 'வாரேன் சாமி' என்று ஓடுவார்.

என் தம்பி பாண்டிக்கு எட்டு வயதாக இருந்தபோது அந்த நாய்களில் ஒன்று அவன் தொடையைக் கவ்விவிட்டது. அந்தக் காலத்தில் நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள். அம்மா வேலையை விட்டுவிட்டு அவனைத் தினமும் பஸ்ஸில் மதுரைக்கு அழைத்துப் போய் வந்தாள்.

பிறகு படித்தோம். பாண்டி வருவாய்த் துறையில் உதவியாளரானான். நான் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். நிலா பிறந்ததும் நானும் கணவரும் ஒரு தீர்மானம் செய்துகொண்டோம். எங்கள் வீட்டுத் தமிழில் 'ங்க' இல்லாத பேச்சு இருக்கக் கூடாது. தொட்டில் பிள்ளையிடமே வாங்க, போங்க, சாப்பிடுங்க என்றுதான் பேசினோம். அதனால் நிலாவுக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் 'வா' என்ற சொல்லே கிடையாது. வயது ஏற ஏற அந்தக் கொஞ்சமும் குறைந்தது. பதினைந்து வயதில் நான் தமிழில் கேட்டால் அவள் ஸ்வீடிஷில் பதில் சொல்கிறவளாக ஆகிவிட்டாள். சில நாள் பதிலும் இல்லை, காதில் மாட்டிய ஹெட்ஃபோன்தான்.

அவளுக்கு நாய் வேண்டும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை முற்றிக் கடைசியில், மாடியில் குடியிருக்கும் இங்க்ரிட் என்ற அம்மாளின் கிழட்டு நாய் போஸ்ஸேயை இவள் நடக்கக் கூட்டிப்போவது என்று சமாதானம் ஆனது. இங்க்ரிட் அதை வாரம் ஒரு நாள் மோப்ப விளையாட்டு வகுப்புக்குக் கொண்டுபோவார். நிலாவும் கூடப் போனாள். கார் ஓட்டுவது நான். அவர்கள் உள்ளே போனதும் நான் காரிலேயே இருந்துகொள்வேன்.

ஒரு நாள் பனி கடுமையாக இருந்தது. கார் ஹீட்டர் வேலை செய்யவில்லை. வேறு வழியில்லாமல் உள்ளே போய்க் கதவோரமாக நின்றேன். பள்ளி உடற்பயிற்சிக் கூடம் அது. தரையில் இருபது அட்டைப் பெட்டிகள் பரப்பி வைத்திருந்தார்கள். ஏதோ ஒன்றில் மட்டும் சின்ன டப்பிக்குள் ஒரு சொட்டு நீலகிரித் தைலம் நனைத்த பஞ்சு. நாய் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. நம் வீட்டில் சளி பிடித்தால் வெந்நீரில் விடுகிற அதே தைலம்.

நான் அந்த வாசனைக்காக நிற்கவில்லை. ஒரு மணி நேரத்தில் எட்டு நாய்கள் வந்து தேடின. எட்டும் தப்புச் செய்தன. ஒன்று பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டது. ஒருவர்கூட நாயை அதட்டவில்லை. சரியாகச் செய்த நொடியில் ஒரு துண்டு இறைச்சி, தப்பாகச் செய்தால் ஒன்றும் இல்லை, மறுபடி தேடு. எந்தக் காரியத்தைச் செய்தால் நல்லது கிடைக்கிறதோ அதையே நாய் திரும்பச் செய்யும் என்று வகுப்பு நடத்தியவர் விளக்கினார்.

அந்த இடத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. காட்டுக்காரர் வீட்டு நாய்களுக்கு எங்கள் தெரு தானாகத் தெரிந்திருக்காது. எங்களைப் பார்த்துக் குரைத்தபோதெல்லாம் யாரோ தட்டிக்கொடுத்திருக்கிறார்கள், சோறு வைத்திருக்கிறார்கள். நாற்பது வருடமாக நாய்மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் கதவோரத்தில் நின்றேன். பயம் மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு விளக்கம் புரியாது போல.

3

இந்தக் கோடையில் ஐந்து வாரம் மதுரைக்கு வந்தோம். நானும் நிலாவும் மட்டும். பாண்டி ஆனையூரில் வீடு கட்டி மூன்று வருடம் ஆகிறது. அவன் மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் படிக்கிறான். வீட்டில் அவனும் மனைவி ராணியும்தான். பிறகு சிட்டு.

சிட்டு ஒரு நாட்டு நாய். செம்மண் நிறம், ஒரு காது நிற்கும், ஒரு காது மடங்கும். மாடிப்படிக்கு அடியில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். நாங்கள் பெட்டியை இறக்கியபோது சங்கிலியின் முழு நீளத்துக்கும் பாய்ந்து குரைத்தது. நான் ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை.

அன்று மதியம் சாப்பிடும்போது பாண்டி விஷயத்தைச் சொன்னான். போன மாதம் சிட்டு சங்கிலியை அறுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டது. எதிர்வீட்டு ராஜேஸ்வரி டீச்சர், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், காய்கறிப் பையோடு வந்துகொண்டிருந்தார். இது குரைத்துக்கொண்டு நேராகப் போக, அவர் பயந்து ஓடிக் கீழே விழுந்து மணிக்கட்டில் எலும்பு விரிந்துவிட்டது. கடிக்கவில்லை. ஆனாலும் தெருச் சங்கத்தில் பேசி, நாயை அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டார்கள். பாண்டி பேரையூருக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் வாங்கிப் போட்டிருக்கிறான். அங்கே மோட்டார் ரூமில் கொண்டுபோய்க் கட்டிவிடுவதென்று முடிவாகிவிட்டது.

அங்கே யார் இருப்பார்கள் என்று நிலா கேட்டாள். யாரும் இருக்க மாட்டார்கள், வாரத்துக்கு இரண்டு நாள் ஆள் போய்ச் சோறு வைப்பான் என்றாள் ராணி.

நிலா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சொற்களை ஒவ்வொன்றாகக் கோர்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு சொன்னாள்:

"மாமா, எனக்கு மூணு வாரம் தாங்க. நான் அவங்களுக்கு ஒரு விளையாட்டு சொல்லித் தாரேன்."

"எவங்களுக்கு?" என்றான் பாண்டி.

"சிட்டுக்கு."

ராணிக்குப் புரையேறிவிட்டது.

4

மறுநாள் பாண்டி டீச்சர் வீட்டுக்குப் போய் மூன்று வாரம் தவணை கேட்டான். நானும் போயிருந்தேன். டீச்சர் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன், இல்லை. "எனக்கு நாய்மேல ஒண்ணும் கோவம் இல்ல பாண்டி. கேட்டத் திறந்தா காலு நடுங்குது, அம்புட்டுத்தேன்" என்றார். மூன்று வாரம் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் வந்து பார்க்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி இன்னொன்றும் சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் பிளேன் ஏறிருவீங்க. அப்பறம் யாரு அதப் பாப்பா? அதனால அன்னைக்குப் பாண்டிதேன் நாயப் புடிக்கணும்." கணக்கு டீச்சர், சரியான இடத்தில் கேட்டுவிட்டார். பாண்டி தலையாட்டினான். அவன் முகம் எனக்குச் சரியாகப் படவில்லை.

விளையாட்டுச் சாமான்கள் ஒரு மணி நேரத்தில் சேர்ந்துவிட்டன. மளிகைக் கடையில் பிஸ்கட் வந்த அட்டைப் பெட்டிகள், மருந்துக் கடையில் நீலகிரித் தைலம், கறிக்கடையில் ஆட்டு ஈரல். ஈரலை வேகவைத்துச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கிக் கொடுப்பது ராணியின் பொறுப்பு. சரியாகச் செய்த நொடியைச் சிட்டுக்குத் தெரிவிக்க ஒரே மாதிரியான சத்தம் ஒன்று வேண்டும் என்றாள் நிலா. ஸ்வீடனில் அதற்கென்று ஒரு சின்னக் கருவி உண்டு. இங்கே பாண்டியின் சட்டைப் பையிலிருந்த பால்பாயிண்ட் பேனாவை எடுத்துக்கொண்டாள். டிக் என்றால் ஈரல்.

காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால் மொட்டை மாடியில் பாடம். நிலா ஒரு கையில் டப்பியை நீட்டுவாள். சிட்டு மூக்கை வைத்ததும் டிக், மறு கையால் ஈரல். முதல் நாள் சிட்டு அவளை நெருங்கவே இல்லை. நிலாவும் கூப்பிடவில்லை. ஈரலைத் தன்னைச் சுற்றிப் போட்டுவிட்டுப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மூக்கு டப்பியைத் தொட்டது. ஐந்தாம் நாள் மூன்று பெட்டிகளில் சரியான பெட்டிக்கு முன்னால் படுத்துக் காட்டியது. எனக்கே பெருமை தாங்கவில்லை. படிக்கட்டுக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பெருமைப்பட்டேன்.

ஆறாம் நாள் சிட்டு பெட்டிகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. படியில் இறங்கி நேராகச் சமையலறைக்கு ஓடி மசாலா அலமாரிக்கு எதிரில் படுத்துக்கொண்டது. மறுபடி கொண்டுவந்து விட்டால் மறுபடி ஓடியது. நிலா குழம்பிப்போனாள். ராணிதான் கண்டுபிடித்தாள். நாங்கள் தைலப் பஞ்சு வைத்திருந்தது பழைய பெருங்காய டப்பாவில். எத்தனை முறை கழுவினாலும் பெருங்காயம் போகுமா? ஆக, ஆறு நாளாக அந்த நாய்க்குப் பெருங்காயத்தைத் தேடக் கற்றுக் கொடுத்திருக்கிறோம். அன்று முழுக்க ராணி சிரித்தாள். சிட்டுமேல் தப்பில்லை, நாம் கேட்டதைத்தான் அவங்க கண்டுபிடிச்சாங்க என்று நிலா சொன்னாள். பாத்திரக் கடையில் புதிதாகச் சின்ன எவர்சில்வர் டப்பி ஒன்று வாங்கி ஆணியால் ஓட்டை போட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

தெருவுக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை நிலாவின் தமிழ். அவளுக்குத் தெரிந்தது அந்தத் தமிழ்தானே. "சிட்டு, வாங்க. உக்காருங்க. தேடுங்க." காலையில் பால் வாங்கப் போகிறவர்கள் மாடியை அண்ணாந்து பார்த்து நின்றார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர், "என்னம்மா, நாய்க்கு இம்புட்டு மரியாத? என் வீட்டுல எனக்கே இல்லையே" என்று கேட்டுவிட்டுப் போனார். வேறு எப்படிச் சொல்ல வேண்டும் என்று நிலா என்னைக் கேட்டாள். 'வா' என்று சொல்ல வேண்டும் என்றேன். அவள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். சண்டை போடுவது மாதிரி இருக்கிறது, வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

இந்த நாட்களில் நான் ஒன்றைக் கவனித்தேன். ஹெட்ஃபோன் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. மாடியில், அடுப்படியில், கறிக்கடையில் அவள் தமிழில் பேசினாள். தப்பும் தவறுமாக, ஆனால் நிறுத்தாமல். நான் பதினைந்து வருடம் கெஞ்சியும் கண்டித்தும் நடக்காதது. வகுப்பில் கேட்ட பாடத்தை என் பிள்ளை விஷயத்தில் நினைத்துப் பார்க்காமல் போனேனே என்று வெட்கமாக இருந்தது. அவள் தப்பாகப் பேசும்போதெல்லாம் நான் திருத்தியிருக்கிறேன். சரியாகப் பேசியபோது ஒரு நாளாவது சந்தோஷப்பட்டுக் காட்டியிருக்கிறேனா?

5

பன்னிரண்டாம் நாள் மாலை கேஸ் சிலிண்டர் போட வந்தவரைப் பார்த்துச் சிட்டு குரைத்தது. கயிற்றில்தான் இருந்தது. அப்போதுதான் அலுவலகத்திலிருந்து வந்த பாண்டி, மூலையில் கிடந்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டை எடுத்து ஓங்கிவிட்டான். நிலா நடுவில் வந்து நின்றாள்.

"அடிக்காதீங்க மாமா. நீங்க அடிச்சா இவங்க நாளைக்குத் தேட மாட்டாங்க."

அவன் குழாயைக் கீழே போட்டுவிட்டு மாடிக்குப் போனான். சிலிண்டர்காரர் போனபிறகு நானும் ஏறிப் போனேன். இருட்டத் தொடங்கியிருந்தது. தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து நின்றான். அவனாகவே சொன்னான்.

"எனக்கு அது பக்கத்துல போகவே பயம்க்கா. அடிக்க மட்டுந்தேன் கை வருது. சோறு வைக்கிறது, அவுத்து விடுறது எல்லாம் ராணிதேன்."

"அப்பறம் எதுக்குடா வாங்கி வளத்த?"

தொட்டி மூடியை இழுத்துச் சரியாக மூடினான்.

"வீடு கட்டி முடிச்சதும் நம்ம வாசல்லயும் ஒரு நாய் நிக்கணும்னு தோணுச்சு. எவன் வந்தாலும் கேட்டுக்கு வெளிய நின்னு, சார்னு கூப்புடணும்னு. அம்புட்டுத்தேன். இப்ப என் வீட்டுக்குள்ள நானே பயந்துக்கிட்டுப் போறேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இரண்டு வாரமாகப் படிக்கட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கிற என்னை அவன் கவனிக்கவில்லையா என்று கேட்டேன். கவனித்ததாகவும், வெளிநாட்டில் இருப்பதால் சுத்தம் பார்க்கிறேன் என்று நினைத்ததாகவும் சொன்னான். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு ஊசி போட்ட நாட்களைப் பற்றி அவன் பேசினான். இத்தனை வருடத்தில் முதல் தடவை. ஊசி வலித்தது நினைவில்லையாம். கடித்த மறுநாள் அப்பா அந்த வீட்டுக்குப் போய், தன் மகன் நாயைத் தொந்தரவு செய்ததற்கு மன்னிப்புக் கேட்டது மட்டும் நினைவிருக்கிறதாம்.

இது எனக்குத் தெரியாது. இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் எழுந்து வந்தபோது பாண்டி மாடியில் இருந்தான். நிலா அவனைத் தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தாள். சிட்டு டப்பியைக் கண்டுபிடிக்கும்போது அங்கிருந்தே பேனாவை டிக் என்று அமுக்கி ஈரலை எறிய வேண்டும். முதல் நாள் அதோடு சரி. அடுத்த நாள் நாற்காலி நான்கடி நெருங்கியது. அதற்கடுத்த நாள் அவனே ஏவ வேண்டும் என்றாள்.

"தேடு" என்றான் பாண்டி. அலுவலகத்தில் கடைநிலை ஊழியரை விரட்டுகிற குரல். சிட்டு காதை ஒடுக்கித் தரையோடு பதுங்கியது. இரண்டாம் தடவையும் அப்படியே. நிலா அவனிடம் பொறுமையாக, அவங்களுக்கு அந்தச் சொல் தெரியாது மாமா என்றாள். பாண்டி தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "தேடுங்க" என்றான்.

சிட்டு எழுந்து போய்த் தேடியது.

'ங்க' போட்டால் குரலைக் கடுமையாக்க முடிவதில்லை. சொல்லிப் பாருங்கள். அதட்டலுக்குப் பழகிய வாயே வேறு வழியில்லாமல் கொஞ்சம் இறங்கி வருகிறது. இறங்கிய குரலுக்குத்தான் அந்த நாய் எழுந்தது.

அந்த வாரமே பாண்டி சிட்டுக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, உரிமம் வாங்க விண்ணப்பமும் எழுதினான். படிவங்களோடு வாழ்கிறவன். இனம் என்ற இடத்தில் 'நாட்டு நாய்' என்று எழுதினான். எதற்காக வளர்க்கிறோம் என்றும் ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. 'காவலுக்கு' என்று எழுதியதை அடித்துவிட்டு, வேறொரு தாளை எடுத்து 'விளையாட்டுக்கு' என்று எழுதினான். ராணி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இந்த வயசுலயா என்று கேட்டாள்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் பெட்டிகளைப் பரப்பினோம். ஆடிக் காற்றில் பறந்துவிடாமல் ஒவ்வொன்றிலும் ஒரு செங்கல். சங்கத்துக்காரர்கள் ஆறு பேர் வந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க இருபது பேருக்கு மேல். டீச்சருக்கு ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது.

டப்பியை ஒளிப்பது யார் என்ற கேள்வி வந்தது. டீச்சர், "நான்தேன் ஒளிப்பேன். நீங்க யாரும் பாக்கக் கூடாது" என்றார். நாங்கள் எல்லாரும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றோம். பெட்டிகளுக்கு இடையில் அவர் நடக்கிற சத்தம் கேட்டது. இங்கே நின்றார், அங்கே நின்றார். திரும்பலாம் என்றதும் திரும்பினோம். அவர் ஒன்றும் தெரியாதவர் போல நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

பாண்டி கயிற்றோடு வந்தான். வெள்ளைச் சட்டை, பையில் பேனா. இத்தனை பேருக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டுமே என்ற கூச்சம் அவன் கழுத்தில் தெரிந்தது. நிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது பிடித்தது, அதற்குப் பிறகு இப்போதுதான்.

"சிட்டு, தேடுங்க."

கூட்டத்தில் சிரித்தார்கள். சிட்டு சிரிப்பைக் கேட்டுத் தயங்கியது. முதல் பெட்டியை மோந்தது. இரண்டாவதில் செங்கல்மேல் சிறுநீர் கழித்தது. இன்னும் சிரித்தார்கள். பாண்டி அதட்டவில்லை. கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, மறுபடி அதே குரலில் தேடுங்க என்றான். ஐந்து, ஆறு, ஏழு. ஒன்றிலும் நிற்கவில்லை. கடைசிப் பெட்டியும் முடிந்துவிட்டது. டப்பி எதிலும் இல்லையா, நாய்க்குப் பிடிபடவில்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. சங்கச் செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது காற்று திரும்பியது. சிட்டு தலையைத் தூக்கியது. மூக்கு மட்டும் அசைந்தது. பிறகு பெட்டிகளை விட்டுவிட்டு, மெதுவாக, வளைந்து வளைந்து, டீச்சரை நோக்கி நடக்கத் தொடங்கியது.

ஒருவரும் சிரிக்கவில்லை. பாண்டி கயிற்றை இழுத்துவிடலாம். எவரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். எனக்கே இழுடா என்று கத்த வேண்டும் போலிருந்தது. நிலா என் கையை அழுத்தி, "இழுக்காதீங்க மாமா" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டாள். அவன் இழுக்கவில்லை. நாயின் பின்னாலேயே போனான். டீச்சர் ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கட்டுப் போட்ட கை மடியில் இருந்தது. கால்களை மட்டும் தூக்கவில்லை.

சிட்டு அவர் செருப்புக்கு அரை அடி முன்னால் வந்து, நாற்காலிக்கு அடியில் மூக்கை நீட்டி, அப்படியே படுத்துக்கொண்டது.

டிக்.

பேனாவை அமுக்கியது பாண்டிதான். டீச்சர் குனிந்து, நாற்காலியின் அடியில் சேலை ஊக்கால் மாட்டியிருந்த டப்பியை எடுத்துக் காட்டினார். "என்கிட்ட வந்து எப்பிடி நிக்கிதுன்னு பாக்கணும்ல" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

இன்னும் ஒரு காரியம் பாக்கியிருந்தது. ஈரல் கொடுக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்த இடத்திலேயே, மூக்குக்கு நேராக, கையால் கொடுக்க வேண்டும் என்பது விளையாட்டின் விதி. இத்தனை நாளும் பாண்டி எறிந்துதான் பழக்கம். டீச்சரின் காலடியில் எறிய முடியாது. அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை நீட்டினான். நடுங்கவில்லை என்று எழுத எனக்கு ஆசை. நன்றாகவே நடுங்கியது. சிட்டு பாய்ந்து கவ்வவில்லை. கை ஒரு நிலைக்கு வரும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உதட்டால் ஒற்றி எடுத்துக்கொண்டது. அவன் கையை உடனே இழுத்துக்கொள்ளவில்லை. உள்ளங்கையைத் திருப்பி வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான். சிட்டு அதை நக்கிச் சுத்தம் செய்தது.

செயலாளர் ஏதோ பேச வாயெடுத்தார். டீச்சர் அவரை முந்திக்கொண்டார்.

"சங்கிலி வேண்டாம், கேட்டு மட்டும் பூட்டியிருக்கணும் பாண்டி. அடுத்த ஞாயித்துக்கிழம இன்னும் கஷ்டமான எடத்துல வைக்கிறேன்."

"வைங்க டீச்சர்" என்றான்.

கூட்டம் கலைந்தது. நிலா பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டு, கயிற்றை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். பாண்டி கொடுக்கவில்லை. சிட்டுவைக் கூட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தான். தெருமுனை வரைக்கும் அவன் அதனிடம் ஏதோ பேசிக்கொண்டே போனது கேட்டது. வார்த்தை எதுவும் சரியாகப் பிடிபடவில்லை. ஒவ்வொன்றும் 'ங்க' என்று முடிந்தது மட்டும் கேட்டது.